காலிங் பெல் சுவிட்ச் வைத்த கிட்டார் பெட்டி

ஜோயல்,

மெசேஜ் மூன்று வரிக்கு மேல் போனால் நீ படிக்க மாட்டாய். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். மெயில் என்றால் ஆபீஸ் விஷயம் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கடைசிவரை படிப்பாய். போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். இரண்டு தரம் சொல்லவும் வாயெடுத்தேன். ஆனால் உன் குரலைக் கேட்டதும் நான் வேறு ஆளாகிவிடுகிறேன். நீ கேட்காத கேள்விக்கெல்லாம் பொய்யாகப் பதில் சொல்கிறேன். இன்று இரண்டாம் சனிக்கிழமை, பள்ளி இல்லை. மத்தியானம் சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் உன் பழைய மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஐந்து மாதம் தாமதமாக எழுதுகிறேன் என்பது தெரியும். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்த பிறகு பட்டுக்கொள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அனிதா போன் செய்தாள். உன்னிடம் சொன்னாளோ என்னவோ. "ஆன்ட்டி, நான் கம்ப்ளெயின்ட் பண்றேன்னு நினைக்காதீங்க" என்றுதான் ஆரம்பித்தாள். அப்புறம் மூச்சு விடாமல் சொன்னாள். "ஒரு வருஷமா என்கிட்டயே சரியா பேசாத அப்பா, போன வாரம் 'சரி, அந்தப் பையனைக் கிறிஸ்மஸுக்கு முன்னாடி நாகர்கோவிலுக்கு வரச் சொல்லு, பாப்போம்'னு சொல்லிட்டார். அவர் ரெண்டாவது தடவை கூப்பிடற ஆளு இல்ல ஆன்ட்டி. இவன் என்னடான்னா இருக்கறதே நாலு நாள் லீவு, அம்மாவோட கிட்டார் பெட்டி ரிப்பேரு, நான் பெங்களூர் போயாகணும், உங்க அப்பாவைப் பொங்கலுக்குப் பாத்துக்கலாம்ங்கறான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாப்போம்மா, நான் பேசறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். வைத்ததும் எனக்கு வந்தது கவலை இல்லை, சந்தோஷம். நாகர்கோவிலை விட்டுவிட்டு என்னிடம் வருகிறான் என்ற சந்தோஷம். உன் கட்டில் விரிப்பை அப்போதே துவைத்துப் போட்டேன். கொடியில் அது சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது.

ஜோயல், கிட்டாரை மாட்டி வாசிக்கிற அந்தப் பெட்டி கெட்டுப்போய்க் கிடக்கவில்லை. ஜூலை மாதமே அது சரியாகிவிட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

உனக்கு இருபத்து நாலு, எனக்கு நாற்பத்து நாலு. நீ வயிற்றில் இருக்கும்போதுதான் பி.எஸ்ஸி. கடைசிப் பரீட்சை எழுதினேன். கல்லூரியிலும் சபையிலும் கிட்டார் வாசிக்கிற ஒரே பெண் நான்தான் என்று அப்போது எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. ஏழாம் மாதத்தில் கிட்டார் வயிற்றுக்கு மேல் உட்காராமல் சறுக்கும். பக்கவாட்டில் வைத்து வாசித்தால் நீ உள்ளேயிருந்து உதைப்பாய். உன் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனால், "அக்கா வந்திருக்கீங்களா, அம்மா வரலையா?" என்று கேட்பார்கள். எனக்குப் பெருமையாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும். இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம். உன் மூன்றாம் வகுப்புப் பிக்னிக் பஸ்ஸுக்குப் பின்னாலேயே நான் ஆட்டோ பிடித்து வந்தது உனக்கு இன்றுவரை தெரியாது. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "யாராவது கொழந்தைய கடத்திட்டுப் போறாங்களாம்மா?" என்று கேட்டார். "இல்லண்ணா, பன்னேர்கட்டாவுக்கு மிருகம் பாக்கப் போறான்" என்றேன். அவர் அடுத்த சிக்னல் வரை ஓட்டினார். அப்புறம், "சரி, சிங்கம் இருக்குல்ல, பயம் நியாயம்தான்" என்றார்.

உன் அப்பாவைப் பற்றி இதில் அதிகம் எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும். உன் ஆறு வயதில் அவர் மஸ்கட் போனபோது தினமும் போன் வந்தது. அப்புறம் வாரம் ஒன்று. அப்புறம் 'அந்த சர்டிபிகேட் எங்கே, இந்தக் கையெழுத்து வேண்டும்' என்பதற்கு மட்டும். அப்புறம் கிறிஸ்மஸுக்கு. அப்புறம் அந்த நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது. ஒரு மனிதன் போன் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை நான் கூடவே இருந்து பார்த்தவள். அதை வைத்துக்கொண்டு உன்னை அளந்தேன். அது தப்பு. ஆனால் அளந்தேன்.

அந்தப் பெட்டியை நீ முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாய். அதற்கு முன்னால் நம்மிடம் இருந்த ஆம்ப் உனக்கு நினைவிருக்கும்: கறுப்பாக, பால்காரர் கேன் கனத்துக்கு, முன்பக்கம் மூன்று திருகு. போட்டால் ஐந்து நொடி உஸ்ஸென்னும், அப்புறம் பேசும். சத்தம் கரகரத்தால் மண்டையில் ஒரு தட்டு. அதற்கும் கேட்காவிட்டால் சிவாஜிநகர் ரிப்பேர்க் கடை ரஃபீக் பாய். கீழ்வீட்டு அம்மாவுக்கு மைக்ரேன் வந்து, அவர் மகன் மேலே வந்து, "மேடம், ஸ்வல்ப சவுண்ட் கம்மி மாடி" என்று மூன்று முறை கன்னடத்தில் மரியாதையாகவும் நாலாவது முறை தமிழில் மரியாதை இல்லாமலும் சொல்லிவிட்டுப் போன பிறகு, நான் கிட்டாரை உறையில் போட்டுவிட்டேன். நீதான் தீர்வு கண்டுபிடித்தாய். "மா, இது கம்ப்யூட்டர் மா. ஹெட்போன்ல வாசி, உலகத்துல இருக்கற எல்லா ஆம்பும் இதுக்குள்ள இருக்கு" என்றாய். அந்த ஆம்பைப் பழைய சாமான்காரரிடம் போடச் சொன்னாய். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நீ வாங்கிக் கொடுத்ததை அவமதிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். சாமான்காரர் அதை வண்டியில் தூக்கி வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். நல்ல கனம் என்றார்.

நன்றி கெட்டவள் என்று நினைக்காதே. பெட்டியின் சத்தம் அருமைதான். முதல் நாள் ஹெட்போனை மாட்டிக் கம்பிகளை மீட்டியபோது பெரிய மண்டபத்தின் நடுவில் நிற்கிற மாதிரி இருந்தது. ஆனால் நீ இருந்தவரைதான் அது எனக்குச் சுலபம். நீ நொய்டா போன பிறகுதான் அது உன்னுடைய பெட்டி என்றும், என்னுடையது இல்லை என்றும் தெரிந்தது. பழைய ஆம்பில் கனமான சுரம் அதிகமாக இருந்தால் கையை நீட்டித் திருகைக் குறைப்பேன். இதில் அதே காரியத்துக்கு உன் காலேஜ் லேப்டாப்பைத் திறக்க வேண்டும், அது கண்விழிக்கக் காத்திருக்க வேண்டும், கேபிளை மூன்று தரம் பிடுங்கிக் குத்த வேண்டும், அந்த மென்பொருள் 'புதிய பதிப்பு வந்திருக்கிறது' என்று சொல்லும், பிறகு பாஸ்வேர்டு, பிறகு உன் போனுக்கு ஓ.டி.பி. போகும். போன கிறிஸ்மஸ் பாட்டுப் பயிற்சியில் நடந்தது நினைவிருக்கிறதா? பதினாலு பேர் வாயைத் திறந்து நிற்கிறார்கள், நான் உனக்கு மெசேஜ் மேல் மெசேஜ் போடுகிறேன், நீ மீட்டிங்கில். அரைமணி கழித்து நம்பர் வந்தது, அதற்குள் அது காலாவதி. பாட்டுக்குழுவை நடத்துகிற சுகுணா அக்கா கேட்டார், "ஏன்டி, அல்சூர்ல கிட்டார் வாசிக்க டெல்லிப் பக்கத்துலருந்து பர்மிஷனா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பூட்டு என் வீட்டில், சாவி உன் பையில். அன்றைக்கு அதுதான் மனதில் ஓடியது.

இப்போது மே மாதத்துக்கு வருகிறேன். அப்டேட் போடும்போது கரன்ட் போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். கரன்ட் போகவில்லை. நீ சொன்னபடியே பெட்டியை லேப்டாப்பில் மாட்டி, அப்டேட்டை ஓட விட்டு, எதிரே உட்கார்ந்திருந்தேன். 'நிறுத்தாதே' என்று திரையில் இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் இருந்தது; படித்தேன். பாதி தாண்டியிருக்கும், ஏரிப் பக்கம் இடி இடித்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. இடி இடித்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியும்: பிரிட்ஜ், டி.வி., மிக்சி, பிளக்கில் இல்லாத இஸ்திரிப் பெட்டியைக்கூட ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். ஓடிப்போய் வரிசையாகப் பிடுங்கினேன், இதையும் பிடுங்கினேன். கையில் ஒயரோடு நின்றபோதுதான் புரிந்தது. திரும்பச் செருகினேன். திரை வெள்ளையாக வந்து அப்படியே நின்றுவிட்டது. மழை கடைசிவரை பெய்யவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இடப்பக்கம் காலால் மிதிக்கிற இரண்டு சுவிட்சுகளையும் ஒன்றாக அமுக்கிக்கொண்டு ஆன் செய்தால் பெட்டி மீட்பு நிலைக்கு வரும், லேப்டாப் வழியாக மறுபடி உயிர் கொடுக்கலாம் என்று நீ தேடிக் கண்டுபிடித்தாய். ஆனால் இரண்டாவது சுவிட்ச் ஏற்கெனவே மந்தமாகித்தான் இருந்தது. அமுக்கினால் பெட்டிக்குத் தெரியவே இல்லை. சர்வீஸ் சென்டரில் ஒரு பெண், வயது உன் வயதுதான் இருக்கும், பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "சுவிட்ச் தனியா வராது மேடம், போர்டோட வரும். இந்த மாடலுக்குப் போர்டு நிறுத்திட்டாங்க. புதுசு எடுத்துக்குங்க, எக்ஸ்சேஞ்ச் இருக்கு" என்றாள். ஒரு விரல் நுனி அளவு சுவிட்சுக்காக முழுப் பெட்டியையும் தூக்கிப்போடச் சொல்கிறாள். இத்தனைக்கும் கம்பி, கிட்டார், கை எல்லாம் நன்றாக இருக்கிறது. நீ மட்டும் விடவில்லை. "மா, நான் உனக்குன்னு செஞ்ச முப்பது சவுண்டும் உள்ள இருக்கு. காப்பி எடுத்து வைக்கலை, என் முட்டாள்தனம். எப்படியாவது எடுக்கறேன்" என்றாய். ஞாயிறுதோறும் வீடியோவில் வந்தாய்.

அந்த ஞாயிறுகளைப் பற்றிச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது. அதற்கு முன்னால் நம் போன் நாலு நிமிஷம். சாப்டியா, சாப்டேன். அங்க குளிரா, ஆமா. ஸ்கூல் எப்படி, போகுது. சரி மா, வைக்கட்டா. வைத்தபிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் உட்கார்ந்திருப்பேன், இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாமே என்று. பெட்டி செத்ததும் அது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பெட்டியால் இல்லை, லேப்டாப்பால். அது ஒவ்வொரு முறை அணைந்து எழுந்திருக்கவும் ஐந்து நிமிஷம் எடுக்கும். அந்த ஐந்து நிமிஷத்தில் நீ பேசுவாய். உன் மேனேஜர் மீசையை எடுத்துவிட்டு அடையாளம் தெரியாமல் போனது, மெஸ்ஸில் சாம்பார் என்று சொல்லி ஊற்றும் மஞ்சள் தண்ணீர், மொட்டைமாடியில் நீ வளர்க்கிற தக்காளி. அனிதாவும் அப்படித்தான் வந்தாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது, நீ கேமராவைப் பார்க்காமல், "மா, ஆபீஸ்ல ஒரு பொண்ணு, நாகர்கோவில்..." என்றாய். வட்டம் நின்றுவிடக் கூடாதே என்று நான் ஜெபம் செய்தேன்.

ஜூலையில் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது, ஒரு சந்தேகத்துக்குத்தான், ரஃபீக் பாயிடம் பெட்டியைக் கொண்டுபோனேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நக்கோ மேடம், வேணாம். இது கிட்டார் சாமான் இல்ல, மொபைல் போனு. கால்ல மிதிக்கிற மொபைல் போனு" என்றார். எதற்கும் திறந்து பாருங்கள் பாய் என்றேன். நட்சத்திரத் தலை ஆணிகளைத் திருகித் திறந்தவர் உச்சுக்கொட்டினார். "உள்ள எல்லாம் ஒரே தட்டு. சர்க்யூட் படமும் தரமாட்டான். மூளை கெட்டிருந்தா என்னால ஆகாது. சுவிட்ச் மட்டும்னா..." என்று யோசித்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு காலிங் பெல் சுவிட்சை எடுத்தார். வெள்ளையாக, மணி படம் போட்டது. "அமுக்கினா சேரணும், விட்டா பிரியணும், அவ்ளோதானே வேலை? இவன் மட்டும் என்ன பெரிய நவாபா?" பக்கவாட்டில் ஓட்டை போட்டு இரண்டு ஒயரை இழுத்து அந்த சுவிட்சைத் தொங்கவிட்டார். பார்க்க விகாரம்தான். ஆனால் இரண்டையும் அமுக்கி ஆன் செய்ததும் திரையில் ஒரு வரி வந்தது, இரண்டு மாதத்தில் முதல் வரி. பாய் என்னைப் பார்த்து, "வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க மேடம்" என்றார்.

மீதிக்கு லேப்டாப் வேண்டும். உன்னுடையதில் அந்த மென்பொருள் இப்போது திறக்கவே மாட்டேன் என்கிறது. நேற்றுவரை ஓடியது, தன்னையே புதுப்பித்துக்கொண்டது, பிறகு 'உங்கள் கணினி பழையது' என்று சொல்லிவிட்டது. அதனால் சனிக்கிழமை எங்கள் பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு எடுத்துப் போனேன். கம்ப்யூட்டர் டீச்சர் மஞ்சுளா மேடம் உதவி செய்தார். உன் கணக்கில் நுழைந்தால் உன் போனுக்கு ஓ.டி.பி. போகும், உனக்குத் தெரிந்துவிடும். என் மெயிலில் புதுக் கணக்கு ஆரம்பித்தேன். வாங்கி இரண்டு வருஷம் கழித்து அந்தப் பெட்டி என் பெயருக்கு வந்தது. கடைசியாக ஒரு கேள்வி கேட்டது: உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், தொடரலாமா? மஞ்சுளா மேடம் என்னைப் பார்த்தார். நீ பெயர் வைத்த முப்பது சத்தமும் அதற்குள் இருந்தது. 'அம்மா சண்டே', 'அம்மா கோபம்', 'அம்மா எக்ஸாம் பேப்பர் திருத்துகிறாள்'. நான் சரி என்று அமுக்கினேன். ஜோயல், நீ இத்தனை வாரம் காப்பாற்றப் பார்த்தது அங்கேயே போய்விட்டது. மஞ்சுளா மேடம் "ஆய்த்து மேடம், ஆய்த்து, முடிஞ்சுது!" என்று கைதட்டினார். நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அன்றே உனக்குப் போன் செய்வதாகத்தான் இருந்தேன். மறுநாள் ஞாயிறுதானே, நேரில் காட்டி ஆச்சரியப்படுத்தலாம் என்று வைத்துக்கொண்டேன். நீ வந்தாய், வந்ததும், "மா, ஒரு புது வழி கண்டுபிடிச்சிருக்கேன், இன்னைக்கு எவ்ளோ நேரமானாலும் சரி" என்றாய். எவ்ளோ நேரமானாலும். நான் பெட்டியின் காலிங் பெல் பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்தேன். நீ சொன்னபடி அமுக்கினேன். அமுக்கியும் அமுக்காமலும் அமுக்கினேன். "ஒண்ணும் வரலைப்பா" என்றேன். அது முதல் பொய். இரண்டாவது சுலபமாக வந்தது. ஒரு ஞாயிறு உனக்குக் காய்ச்சல். போர்வையைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டே, "மா, இப்போ கேபிளை எடு, பத்து எண்ணு, திரும்பப் போடு" என்றாய். நான் வாய்விட்டுப் பத்து எண்ணினேன். முடித்ததும் நீ சொன்னாய்: "நீ எவ்ளோ பொறுமை மா. வேற யாராவதா இருந்தா தூக்கிப் போட்டிருப்பாங்க."

ஒரு பொய்க்குத் துணையாக எத்தனை பொய் வேண்டும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. சபையில் வாசித்தால் சுகுணா அக்கா படம் எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார், நீ பார்ப்பாய். அதனால் அங்கேயும் பெட்டி ரிப்பேர் என்றே சொன்னேன். "என்னடி, இன்னும் ஐ.சி.யூ.லதானா?" என்று வாராவாரம் கேட்டார். சும்மா கிட்டாரையாவது எடுத்துக்கொண்டு வா என்றதற்கும் கையில் வலி என்று ஒன்று சொன்னேன். செப்டம்பரில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு வாசித்தார்கள்: பிலோமினா ஆன்ட்டியின் முழங்கால், யாரோ ஒருவர் மகளின் விசா, அடுத்து, "நம்ம சகோதரியின் கிட்டார் கருவி சுகப்படவும் நொய்டாவிலிருந்து அதற்காகப் பிரயாசப்படும் மகனுக்காகவும்." இருபது பெண்கள் கண்ணை மூடி ஆமென் சொன்னார்கள். நான் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். மூடினால் இன்னும் மோசம் என்று தோன்றியது.

ஆக, ஞாயிறு சாயங்காலம் உன்னோடு இருப்பதற்காக ஞாயிறு காலையை விட்டுக்கொடுத்தேன். இந்த மாதங்களில் நான் வாசிக்கவில்லை என்று நினைக்காதே. தினமும் வாசித்தேன், ஹெட்போனில். பள்ளிக் கம்ப்யூட்டரில் நானே உட்கார்ந்து நாலு சத்தம் செய்து வைத்திருக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று பெயர். அந்தத் திரையில் தமிழ் எழுத்து வராது. நாலாவது நன்றாகவே இருக்கிறது. ஆனால் வெளியில் யாருக்கும் கேட்காது. பக்கத்தில் யாராவது நின்றால் கம்பியின் டிங் டிங் மட்டும் கேட்கும், சீப்பின் பல்லை விரலால் நெருடுகிற மாதிரி. அந்த அருமையான மண்டபத்தில் நான் மட்டும்தான். கீழ்வீட்டு அம்மா போன வாரம் படியில் பார்த்து, "இப்பல்லாம் வாசிக்கறதே இல்லையா? பாவம், எனக்காக நிறுத்திட்டீங்களோ?" என்றார். அவரிடமும் ஏதோ சொன்னேன்.

அம்மா என்றால் புத்தி சொல்ல வேண்டும், சொல்கிறேன். உனக்கு எதையும் சரிசெய்யத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எனக்கு அழுகை வந்தால் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, குடித்தேனா என்று பார்ப்பாய். அனிதா நாளைக்கு உன்னிடம் ஏதாவது சொல்லி வருத்தப்படும்போது எங்கே பழுது என்று தேடாதே. சில சமயம் எங்கேயும் பழுது இருக்காது. பக்கத்தில் உட்காரு, வட்டம் சுற்றட்டும். இன்னொன்று, அவள் உனக்கு வேண்டுமென்றால் வேண்டும் என்று வாயால் சொல். தலைவலி, பசி, லேட், ரிப்பேர் என்று வேறு பெயர் வைத்துக் கேட்காதே. நான் அப்படிக் கேட்டுக் கேட்டு, இப்போது எனக்கு எது வலி எது சாக்கு என்று எனக்கே தெரிவதில்லை. வீட்டுக்குச் சாமான் வாங்கும்போது ஸ்க்ரூ டிரைவரால் திறக்க முடிகிறதா என்று பார்த்து வாங்கு. சேர்ந்து பயன்படுத்துகிற எதையும் உன் ஒருவன் போன் நம்பரில் மட்டும் பதியாதே, அவளும் திறக்கிற மாதிரி வை. சிரிக்காதே, இதெல்லாம் பெரிய விஷயம். பழையது சரியாகாவிட்டால் இருக்கட்டும் என்று நீ எனக்காக ஆர்டர் போட்ட புதுப் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடு. என்னுடையது உழைக்கிறது. இனி எதைக் கெடுத்தாலும் எனக்கு பாய் இருக்கிறார்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன், அந்த முப்பது சத்தத்துக்காகவும் அந்தக் காய்ச்சல் ஞாயிறுக்காகவும். நீ கொஞ்சநாள் பேசாமல் இருந்தால் இருந்துகொள். நான் கணக்கு வைக்க மாட்டேன் என்று சொன்னால் பொய், வைப்பேன். ஆனால் உன்னை உன் அப்பாவின் அளவுகோலால் அளக்க மாட்டேன். அவர் எனக்காக எதையும் தள்ளிப் போட்டதில்லை. நீ ஒரு பெண்ணின் தகப்பனையே தள்ளிப் போட்டாய்.

நாகர்கோவில் டிக்கெட் இன்றைக்கே போடு. கிறிஸ்மஸ் நேரம், விட்டால் கிடைக்காது. அனிதாவின் அப்பா அதிகம் பேசாதவர் என்றாள். நீயும் நிரப்பப் பார்க்காதே. நம் சபை வேறு, அவர்கள் சபை வேறு என்பதை அவர் எடுத்தால் வாதாடாதே, அம்மா வந்து பேசுவாள் என்று சொல். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள். இந்த மெயிலை எழுத ஆரம்பிக்கும் முன்பே அனிதாவுக்குப் போன் செய்து, "அவன் வர்றான்மா, அப்பாகிட்ட சொல்லிடு" என்று சொல்லிவிட்டேன். அவள் அங்கே அழுதாள் என்று நினைக்கிறேன். நான் தண்ணீர் குடிக்கச் சொல்லாமல் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

நாலு நாள் லீவில் இங்கே வராதே, கண்ணா. இந்த ஒரு வரியை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன்.

அம்மா